பட்டச் சான்றிதழ் சொல்லாததைச் சொல்லும் ஏடு

வங்கிக் கிளையில் ‘போர்ட்ஃபோலியோ’ என்ற சொல் காதில் விழுந்தால் பங்குகளும் பரஸ்பர நிதிகளும்தான் நினைவுக்கு வரும். பல்கலைக்கழக வளாகத்தில் அதே சொல்லுக்குப் பொருள் வேறு. ஒரு மாணவர் தாம் செய்த வேலைகளின் மாதிரிகளையும், அவற்றைச் செய்த விதம் பற்றிய குறிப்புகளையும், உரிய சான்றுகளையும் ஓரிடத்தில் சேர்த்து, வேண்டியவர்களுக்குக் காட்டத்தக்க முறையில் வைத்திருக்கும் தொகுப்பே அது. ஓவியர்களும் கட்டடக் கலை மாணவர்களும் பெரிய உறைகளில் சுமந்து திரிந்த அதே பொருள், இணையத்தில் இடம்பிடித்தபோது ‘மின்தொகுப்பேடு’ ஆயிற்று. வடிவமைப்பு, கட்டடக் கலை, ஆசிரியர் பயிற்சி ஆகிய துறைகளில் இது பழகிய ஒன்று. வணிகவியல், வரலாறு, பொருளியல் போன்ற பாடங்களைப் பயில்வோரிடம் இதைப் பற்றிப் பேசினால், “எங்களிடம் காட்டுவதற்கு என்ன இருக்கிறது?” என்ற மறுமொழிதான் வருகிறது.

இந்த இதழில் இதை எழுதக் காரணம் உண்டு. வாசகர்களில் கல்விக் கடன் பெற்ற குடும்பத்தினர் பலர். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை விடுப்புக் காலமாகும். அந்த ஓராண்டு கழிந்ததும் மாதத் தவணை தொடங்கிவிடும். வேலை கிடைத்துவிட்டதா என்று கணினி விசாரிப்பதில்லை. வட்டியோ, கடன் வழங்கிய நாள்முதல் கணக்கேறிக்கொண்டிருக்கும். ஆகவே, பட்டம் பெற்ற ஓர் இளைஞர் தமது திறமையை முன்பின் அறியாதவர் நம்பும்படி எடுத்துக்காட்ட இயலுகிறதா என்பது, கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் வெறும் கல்வி சார்ந்த கேள்வி அன்று. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே ஆண்டில் ஆயிரக்கணக்கானோர் அதே பட்டத்தை, ஏறத்தாழ அதே மதிப்பெண்களுடன் பெறுகிறார்கள். பெயர் பெற்ற கல்லூரியின் மாணவருக்குக் கல்லூரியின் பெயரே பாதி பரிந்துரை. சிறிய ஊரின் கல்லூரியில் படித்தவருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய வேலைதான் அவருக்காகப் பேச வேண்டும்.

பெட்டகம் வேறு, தொகுப்பேடு வேறு

மின்தொகுப்பேடு பற்றிப் பேசத் தொடங்கினாலே பெற்றோர் பலர், “அதுதான் டிஜிலாக்கர் இருக்கிறதே” என்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் முதலாவது ஒழுங்காக இருந்தால் இரண்டாவது எளிதாகும் என்பதால், அதைச் சற்று விளக்கிவிடுகிறேன்.

மத்திய அரசு 2015 ஜூலை 1 அன்று தொடங்கிய டிஜிலாக்கரில் இரு பகுதிகள் உள்ளன. பல்கலைக்கழகம், தேர்வு வாரியம், போக்குவரத்துத் துறை போன்ற அமைப்புகள் தாமே நேரடியாக வழங்கும் ஆவணங்கள் ஒரு பகுதியில் இருக்கும். நாம் ஒளிவருடி எடுத்து ஏற்றி வைக்கும் படிகள் மற்றொரு பகுதியில் இருக்கும். 2017 பிப்ரவரியில் தகவல் தொழில்நுட்ப விதிகளில் செய்த திருத்தத்தின்படி, முதல் பகுதியில் உள்ளவை மட்டுமே அசல் ஆவணத்துக்கு இணையாகக் கருதப்படுகின்றன. இரண்டாம் பகுதியில் உள்ளவை வெறும் நகல்களே. ஏற்றி வைத்த நகலைக் காட்டிவிட்டு, “டிஜிலாக்கரில் இருப்பதை ஏன் ஏற்க மறுக்கிறீர்கள்?” என்று கிளைகளில் வாதிடுவோரை அவ்வப்போது காண்கிறோம். அடுத்த ஆண்டின் கல்லூரிக் கட்டணத்துக்கான கடன் தொகையை விடுவிக்கும் முன் முந்தைய ஆண்டின் மதிப்பெண் பட்டியலை வங்கி கேட்கும். அப்போது, பல்கலைக்கழகமே வழங்கிய மின்பட்டியல் கையில் இருந்தால் வேலை விரைவில் முடியும்.

இதனோடு இணைந்து இயங்குவது ‘அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்’ என்னும் கல்விப் புள்ளி வங்கி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 ஜூலை ஒழுங்குமுறைகளின்படி அமைந்த இதில், மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் ஈட்டும் கிரெடிட்டுகள் அவருடைய கணக்கில் சேரும். ‘அபார்’ எனப்படும் 12 இலக்க மாணவர் அடையாள எண்ணைக் கொண்டு கணக்கு அறியப்படுகிறது. படிப்பை இடையில் நிறுத்தியவர் மீண்டும் தொடரவும், ஒரு நிறுவனத்தில் ஈட்டியதை மற்றொன்றுக்குக் கொண்டு செல்லவும் இது உதவுகிறது. பெயரில் மட்டுமே வங்கி என்பதை மறந்துவிடக் கூடாது. வைப்புக்கு வட்டி இல்லை. மாணவர் தாமே எதையும் செலுத்த இயலாது, கல்வி நிறுவனம்தான் செலுத்தும். ஒரு பட்டத்துக்காக எடுத்துவிட்ட புள்ளிகளை இன்னொன்றுக்குப் பயன்படுத்த முடியாது. அதிகபட்சம் ஏழு ஆண்டுகளுக்கே புள்ளிகள் உயிரோடிருக்கும்.

தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு, அது முன்னெழுத்து. ஆதாரில் ‘எஸ். கவிதா’ என்றும், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘கவிதா எஸ்’ என்றும், கல்லூரிப் பதிவேட்டில் ‘கவிதா சுப்பிரமணியன்’ என்றும் இருந்தால், மூவரும் ஒருவரே என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பெயரோ பிறந்த தேதியோ பொருந்தாவிட்டால் மதிப்பெண் பட்டியல் பெட்டகத்துக்கு வந்து சேராது. வங்கிக் கணக்குக்கான வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பிலும் இதே முட்டுக்கட்டைதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்து, முதலாம் ஆண்டிலேயே மற்றவற்றைத் திருத்திவிடுவது நலம். இறுதியாண்டில், வேலை நியமன ஆணை கைக்கு வந்த பிறகு ஆதார் மையத்தில் வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கையில் பரிதாபமாக இருக்கிறது.

பெட்டகத்தின் கடமை இவ்வளவே. இந்த மாணவர் இந்தத் தேர்வில் தேறினார் என்று அது உறுதிகூறும். அவருக்கு என்ன செய்யத் தெரியும் என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை. அந்த விடைக்காகத்தான் தொகுப்பேடு.

பலசரக்குக் கடையின் மூன்று மாதக் கணக்கு

வணிகவியல் பயின்றவன் என்பதால் அத்துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்காட்டுகிறேன். பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர், தம் தெருவிலுள்ள பலசரக்குக் கடையின் கணக்கை மூன்று மாதம் எழுதிப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டேலி மென்பொருளின் இலவசக் கல்விப் பதிப்பில் மாதத்தின் ஒரு சில தேதிகளுக்கு மட்டுமே பதிவிட முடியும் என்பதை வணிகவியல் மாணவர் அனைவரும் அறிவர். ஆகவே அவர் சாதாரண விரிதாளையே பயன்படுத்துகிறார். மாத விற்பனை ₹1,80,000. அதில் ₹54,000 கடன் விற்பனை, அதாவது பத்தில் மூன்று பங்கு. கடன் நோட்டைப் புரட்டித் தேதிகளை ஒப்பிட்டதில், வாடிக்கையாளர்கள் சராசரியாக 40 நாட்களில் பணம் தருகிறார்கள் என்று தெரிகிறது. அப்படியானால் ஏறத்தாழ ₹72,000 எப்போதும் வெளியிலேயே நிற்கிறது. மொத்த வியாபாரிக்கோ 15 நாட்களில் பணம் கொடுத்தாக வேண்டும். “இலாபம் வருகிறது, கையில் மட்டும் காசு தங்குவதில்லை” என்ற கடைக்காரரின் புலம்பலுக்குக் காரணம் கணக்கில் வெளிப்பட்டுவிட்டது.

தொகுப்பேட்டில் இடம்பெற வேண்டியவை எவை? கடைக்காரரின் அனுமதியோடு, கடன் வாங்கியோரின் பெயர்களை நீக்கிய விரிதாள். கையால் எழுதிய முதல் குறிப்புகளின் ஓரிரு ஒளிப்படங்கள். கண்டறிந்ததைக் கடைக்காரருக்கு விளக்கிய ஒரு பக்கக் குறிப்பு. இவற்றோடு, பலர் விட்டுவிடும் ஒன்று: அந்த வேலை எப்படி நடந்தது என்று மாணவியே எழுதும் அரைப் பக்கம். முதல் இரண்டு வாரம் கடன் விற்பனையையும் ரொக்க விற்பனையாக எழுதியது, கல்லாவில் இருந்த பணத்தோடு கணக்கு ஒத்துப்போகாதது, எங்கே பிசகியது என்று தேடி நோட்டைக் கண்டுபிடித்தது, கடைக்காரர் முதலில் அந்த நோட்டைக் காட்டத் தயங்கியது, மறுமுறை செய்தால் எதிலிருந்து தொடங்குவார் என்பது ஆகியவை அதில் இருக்கட்டும். கல்வியாளர்கள் இதனைச் சிந்தனைக் குறிப்பு என்பர். நேர்காணல் நடத்துவோர் நாடுவதும் இந்த அரைப் பக்கத்தைத்தான். விரிதாளை எவரும் தயாரித்துத் தரலாம். நோட்டைக் காட்டத் தயங்கிய கடைக்காரரை, அங்கே இருந்தவர்தான் எழுத முடியும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்த பிறகு இதற்கு மதிப்புக் கூடியிருக்கிறது. குறையற்ற ஆங்கிலத்தில் இருபது பக்கத் திட்ட அறிக்கை ஒன்று கையில் இருப்பது இனி எதையும் மெய்ப்பிக்காது. அதனால் இறுதி வடிவத்தை மட்டும் வைக்காமல், முதல் வரைவையும் ஆசிரியர் சிவப்பு மையால் திருத்திய பக்கத்தையும் சேர்த்து வைக்கச் சொல்கிறேன். கூகுள் டாக்ஸ் போன்றவற்றில் எழுதினால் எந்த நாளில் என்ன மாற்றப்பட்டது என்ற வரலாறு தானாகவே பதிவாகிவிடும். அதுவும் ஒரு சான்றே.

ஒவ்வொரு பதிவிலும் தேதி இருக்க வேண்டும். சரக்கு மற்றும் சேவை வரி பற்றி ஒரு மாணவர் எழுதிய பயிற்சியில் 12, 28 விழுக்காட்டு விகிதங்கள் இருக்கின்றன என்று கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருட்களுக்கு 5, 18 என்ற இரு விகிதங்களே நடைமுறைக்கு வந்துவிட்டதால், தேதியில்லாத அப்பயிற்சி இன்று பிழையாகத் தோன்றும். தேதி இருந்தால் அது அக்காலத்துக்குரிய சரியான கணக்கு. கீழே, மாற்றத்துக்குப் பின் அதே பட்டியலை மீண்டும் கணக்கிட்டு ஒரு வரி சேர்த்திருந்தால், அந்த மாணவர் பாடத்தைத் தேர்வோடு விட்டுவிடவில்லை என்பது சொல்லாமலே விளங்கும்.

எத்தனை பதிவுகள் வேண்டும்? பருவத்துக்கு ஒன்று போதும். மூன்றாண்டுப் படிப்பில் ஆறு நல்ல பதிவுகள் என்பது பெரிய செல்வம். இணையவழிப் பயிற்சிகளில் கிடைத்த நாற்பது பங்கேற்புச் சான்றிதழ்களை அடுக்கி வைப்பதால் யாருக்கும் பயனில்லை. இருபது நிமிடக் காணொளியைப் பார்த்ததற்கும் இன்று சான்றிதழ் கிடைக்கிறது. ஸ்வயம் தளத்தில் பாடம் பயின்று, வாரந்தோறும் பயிற்சிகளைச் செய்து, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுதித் தேறிய சான்றிதழ் ஒன்று அந்த நாற்பதைவிட மேல். குழுவாகச் செய்த திட்டப்பணி என்றால், தாம் செய்த பகுதி எது என்று குறிப்பிடுவது நேர்மை. நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும் என்பதால் விவேகமும்கூட.

இதன் வரம்பையும் சொல்லிவிட வேண்டும். அரசுடைமை வங்கிகளுக்கான ஐ.பி.பி.எஸ். தேர்வில் எவரும் உங்கள் தொகுப்பேட்டைத் திறந்து பார்க்கப் போவதில்லை. எழுத்தர் பணிக்கு நேர்காணலே கிடையாது; எழுத்துத் தேர்வின் மதிப்பெண்தான் முடிவு. அதிகாரி பணிக்கு நேர்காணல் உண்டு. அங்கும் ஏட்டைக் காட்ட வாய்ப்பில்லை. “படிக்கும்போது நீங்களாகச் செய்த வேலை ஏதாவது?” என்று கேட்டால், குறிப்புகளை அவ்வப்போது எழுதி வைத்தவர் தடுமாறாமல் பேசுவார் என்பது மட்டுமே அங்கே கிடைக்கும் ஆதாயம். தணிக்கையாளர் அலுவலகங்கள், தனியார் நிறுவனங்கள், பயிற்சிப் பணி வழங்குவோர், மேற்படிப்புக்கான நேர்காணல்கள் ஆகிய இடங்களில் நிலைமை வேறு. விண்ணப்பத்தோடு ஓர் இணைப்பை அனுப்பினால் திறந்து பார்ப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

எங்கே வைப்பது, யாருக்குக் காட்டுவது

சில பல்கலைக்கழகங்கள் தமக்கெனத் தொகுப்பேட்டு மென்பொருள் வைத்திருக்கின்றன. நியூசிலாந்தில் உருவான ‘மஹாரா’ அவ்வகையைச் சேர்ந்தது. கல்வி நிறுவனமே நிறுவி நடத்தலாம். அத்தகைய வசதி இல்லாதவர்கள் கூகுள் சைட்ஸ் போன்ற இலவசச் சேவையில் நான்கைந்து பக்கங்கள் அமைத்துக்கொள்ளலாம். நிரல் எழுதுவோருக்கு கிட்ஹப் பழக்கமான இடம். மடிக்கணினி இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. குறிப்பு எழுதுவதும் தாளை ஒளிவருடி எடுப்பதும் கைப்பேசியிலேயே நடக்கும். பக்கங்களை வடிவமைக்கும் வேலைக்கு மட்டும் பருவத்துக்கு ஒருமுறை கல்லூரி நூலகக் கணினியின் முன் ஒரு மணி நேரம் அமர்ந்தால் போதும். அலங்காரத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம். கோப்புகளுக்கு மட்டும் பொருளுள்ள பெயர் இடுங்கள். ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘உண்மையான இறுதி’ என்ற பெயர்கள் மூன்றாண்டு கழித்து உங்களுக்கே புரியாது.

தொகுப்பேட்டில் இடம்பெறக் கூடாதவற்றைப் பற்றி, வங்கியாளன் என்ற முறையில் சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பயிற்சிப் பணிக்காக வங்கிக்கோ தணிக்கையாளர் அலுவலகத்துக்கோ செல்லும் மாணவர், அங்கே கண்ட எந்த வாடிக்கையாளரின் பெயரையும் கணக்கையும், ஒரு திரையின் ஒளிப்படத்தைக்கூட வெளியே கொண்டுவரக் கூடாது. வாடிக்கையாளர் தகவலின் இரகசியம் காப்பது எங்கள் தொழிலின் அடிப்படைக் கடமை. கற்ற முறையை எழுதலாம். கற்பனை எண்களைக் கொண்டு அதே கணக்கைச் செய்து காட்டலாம். பிறர் தகவலை மறைத்து எழுதத் தெரிந்தவர் என்பதே அந்தத் தொகுப்பேட்டைப் படிக்கும் நிதித்துறையினரிடம் நல்லெண்ணத்தை உண்டாக்கும்.

மாணவரின் சொந்தத் தகவலுக்கும் இதே கவனம் வேண்டும். யாரும் காணத்தக்க பக்கத்தில் வீட்டு முகவரி, பிறந்த தேதி, கையொப்பம், ஆதார் அட்டை, மதிப்பெண் பட்டியலின் முழுப் படம் ஆகியவற்றை வைக்க வேண்டாம். தொடர்புக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். சான்றுகளைக் கேட்பவருக்கு மட்டும் தனியே, பார்வையிடும் உரிமையோடு அனுப்பலாம். ஆதாரையே கேட்டால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் உண்டு. முதலில் அது போதுமா என்று கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், வேலை தேடும் இளைஞரின் விவரம் மோசடிக்காரர்களுக்கு மிக எளிதில் பயன்படுவதுதான். உங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு, உங்கள் திட்டப்பணியின் தலைப்பையே குறிப்பிட்டுப் பாராட்டி ஒரு செய்தி வரும்; நேர்காணலின்றி நியமனம் என்பார்கள்; பிறகு மடிக்கணினிக்கு முன்வைப்பு, பயிற்சிக் கட்டணம் என்று பணம் கேட்பார்கள். இன்னும் கொடியது மற்றொன்று. பணமே கேட்காமல், “உங்கள் வங்கிக் கணக்கை எங்கள் நிறுவனத்தின் வரவுக்குப் பயன்படுத்த விடுங்கள், மாதம் இவ்வளவு தருகிறோம்” என்பார்கள். மோசடியில் பறித்த பணத்தைக் கைமாற்றுவதற்கே அந்தக் கணக்கு. சிக்கும்போது முடக்கப்படுவது மாணவரின் கணக்கு. காவல் துறையின் விசாரணைக்கு ஆளாகுபவரும் அவரே. வேலை தருபவர் எவரும் உங்கள் கணக்கை வாடகைக்குக் கேட்பதில்லை; ஓடிபியையும் கேட்பதில்லை. பணம் பறிபோனது தெரிந்தால், அந்த நிமிடமே தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.

இறுதிப் பருவத்துக்கான வேலை ஒன்று மீதமிருக்கிறது. கல்லூரி வழங்கிய மின்னஞ்சல் கணக்கிலேயே மூன்றாண்டு வேலையும் தங்கியிருந்தால், படிப்பு முடிந்த சில மாதங்களில் அக்கணக்கு மூடப்படும்போது எல்லாம் கைவிட்டுப் போகும். மூடும் தேதியைக் கல்லூரி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தேர்வு முடிந்த வாரமே கோப்புகள் அனைத்தையும் சொந்தக் கணக்குக்கு மாற்றி, ஒரு படியை வீட்டிலுள்ள பென் டிரைவிலும் வையுங்கள். கூகுள் கணக்கு என்றால் ‘டேக்அவுட்’ என்னும் வசதி மூலம் மொத்தமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். கல்லூரி அதை அனுமதித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலைக்காக வெளியூர் போகும் பிள்ளைகள் கைப்பேசி எண்ணை மாற்றுவதுண்டு. பழைய எண்ணைக் கைவிடும் முன் ஆதாரிலும், டிஜிலாக்கரிலும், வங்கிக் கணக்கிலும், கல்விக் கடன் கணக்கிலும் புதிய எண்ணைப் பதிவு செய்துவிடுங்கள். முதல் தவணை பற்றிய குறுஞ்செய்தி வருவதும் அந்த எண்ணுக்குத்தான்.